சுக்கு எந்த வரியில்?

“மாமா, புரோகிராம் ஓடுது. ஆனா தப்பா ஓடுது.”

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள் என் தங்கை மகள். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். திங்கட்கிழமை ஜாவா மொழியில் ஒரு பயிற்சியைச் செய்து காட்டியாக வேண்டுமாம். நான் ஒரு வங்கியின் கணிப்பொறிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன். அதனால் கணிப்பொறி தொடர்பான எந்தத் தலைவலிக்கும் என்னிடம் தைலம் இருப்பதாகக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. உண்மையில் நான் காலமெல்லாம் எழுதியது கோபால். (ஆள் பெயர் அல்ல, அதுவும் ஒரு கணிப்பொறி மொழிதான்!) ஜாவா கற்றது ஓய்வு பெறும் தறுவாயில்.

பயிற்சி இதுதான். ஒரு கட்டுரையைக் கணிப்பொறி வரி வரியாகப் படிக்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வரிகளில் வருகிறது என்று அகர வரிசையில் பட்டியல் தர வேண்டும். ‘மழை: 3, 7, 21’ என்பது போல. தமிழில் இதற்கு அழகான பெயர் உண்டு: சொல்லடைவு.

பழைய வேலை, புதிய கருவி

மாணவர்களுக்குக் கொடுக்கும் சின்னக் கணக்குதானே என்று நினைக்க வேண்டாம். இது பல தலைமுறை அறிஞர்கள் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஹியூ என்ற துறவியின் தலைமையில் டொமினிக்கன் சபையினர் பைபிளுக்குச் சொல்லடைவு தயாரித்தார்கள். அப்போது பைபிளில் வசன எண்களே கிடையாது. ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகப் பிரித்து, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை எழுத்துகளைக் கொடுத்துத்தான் சொற்களுக்கு முகவரி கண்டார்கள். இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ புசா 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தை அணுகினார். புனித தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்கு இயந்திரத்தின் உதவியோடு அடைவு செய்யத் தொடங்கினார். துளையிட்ட அட்டைகளில் ஆரம்பித்த அந்த வேலை 56 தொகுதிகளாக வெளிவந்து முடிவதற்குள் 1980 ஆகிவிட்டது.

நம் சங்க இலக்கியத்துக்கும் இந்த உழைப்பு நடந்திருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ்ச் சொல்லடைவை வெளியிட்டது. 1990களின் தொடக்கத்தில் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் என்ற இரு ஜெர்மானியத் தமிழறிஞர்கள் கணிப்பொறியின் துணையோடு இன்னொன்றைச் செய்தார்கள். இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். “மாமா, திங்கட்கிழமை...” என்று நினைவூட்டினாள். சரி, வேலைக்கு வருவோம்.

டிக்கெட் கிழிக்கும் நடத்துநர்

கல்லூரியில் கொடுத்தது பருவமழை பற்றிய 40 வரி ஆங்கிலக் கட்டுரை. அவளுடைய புரோகிராம் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி ஒரு பட்டியலைத் தந்தது. ஆனால் ஏழாம் வரியில் கண்ணெதிரே இருக்கும் ஒரு சொல் பட்டியலில் இல்லை. ஐந்து இடங்களில் வரும் ‘ரெயின்’ என்ற சொல்லுக்கோ ஒரே ஒரு வரி எண்தான் இருந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. நானே திருத்தியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் திங்கட்கிழமை பேராசிரியர் முன்னால் நிற்கப்போவது நான் அல்லவே! அதனால் ஒன்று மட்டும் சொன்னேன். “40 வரியை மறந்துடும்மா. அஞ்சே வரியில ஒரு கோப்பு செய். வரிக்கு ஒரு சொல். ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ். அதைக் கொடுத்துப் பார்.”

கொடுத்தாள். புரோகிராம் பாதியில் விழுந்தது. திரையில் சிவப்பாக ‘நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன்’. அவள் முகம் வாடிவிட்டது, எனக்கோ மகிழ்ச்சி. சத்தமில்லாத பிழையைவிடச் சத்தம் போடும் பிழை எவ்வளவோ மேல். விழுவதற்கு முன் சேர்த்த சொற்கள் என்ன என்று அச்சிடச் சொன்னேன். இரண்டே இரண்டு. ‘டூ’ என்பதற்கு வரி எண் 1. ‘ஃபோர்’ என்பதற்கு வரி எண் 2.

“ஒண்ணு விட்டு ஒண்ணா படிக்குதே!” என்றாள்.

காரணம் எளியது. கோப்பிலிருந்து ஒரு வரியை வாங்கிக் கொடுப்பது ‘ரீட்லைன்’ என்ற கட்டளை. கேட்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். “இன்னும் வரி இருக்கிறதா?” என்று சோதிப்பதற்காக அவள் ஒரு முறை ரீட்லைன் எழுதியிருந்தாள். சுற்றுக்குள் போனதும் வரியை எடுப்பதற்காக இன்னொரு ரீட்லைன். டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, பயணிக்கு அடுத்த டிக்கெட்டைக் கொடுக்கும் நடத்துநரைப் போல.

கட்டுரையில் 40 வரிகள், இரட்டைப்படை. எனவே பாதி வரிகளைத் தின்றுவிட்டுப் புரோகிராம் நல்ல பிள்ளையாக நின்றது. ஐந்து வரிக் கோப்பில், ஐந்தாவது வரியைச் சோதனைக்கே செலவழித்துவிட்டு ஆறாவதைத் தேடிப் போய் விழுந்தது. பிழை இரண்டிலும் இருந்தது, ஒற்றைப்படையில்தான் வெளிப்பட்டது. சோதிக்கும்போது வாங்கிய வரியையே ஒரு பெயரிட்டு வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்தினால் தீர்ந்தது.

அஞ்சறைப்பெட்டிக் குழப்பம்

அடுத்தது ‘ரெயின்’ விவகாரம். சொற்களையும் அவற்றின் வரி எண்களையும் சேர்த்து வைக்க ஜாவாவில் ‘மேப்’ என்ற அமைப்பு உண்டு. அஞ்சறைப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கிண்ணம். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அதன் கிண்ணத்தில் வரி எண்ணைப் போட வேண்டும். அவள் என்ன செய்தாள்? சொல் வரும்போதெல்லாம் புதுக் கிண்ணம் ஒன்றைச் செய்து, எண்ணைப் போட்டு, பெட்டியில் வைத்தாள். பழைய கிண்ணம் அதிலிருந்த எண்களோடு வெளியே போய்விட்டது. மிஞ்சியது கடைசி வரி எண் மட்டும்.

இதைச் சொன்னதும், “அப்ப கிண்ணத்தைச் சுற்றுக்கு வெளியே செய்யறேன்” என்று அவளே மாற்றினாள். இப்போது எல்லாச் சொல்லுக்கும் எல்லா வரி எண்களும் வந்தன! வெளியே செய்தது ஒரே கிண்ணம். அத்தனை சொற்களும் அதையே சுட்டிக்கொண்டிருந்தன. கட்டடம் முழுவதற்கும் ஒரே ரேஷன் கார்டு கொடுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் பெட்டியைத் திறந்து பார். இந்தச் சொல்லுக்குக் கிண்ணம் இருந்தால் அதில் போடு. இல்லாவிட்டால் மட்டும் புதிதாகச் செய். இதை அவள் தாளில் பென்சிலால் படம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். ஒரே வரியில் ஒரு சொல் இருமுறை வந்தால் எண் இருமுறை விழாமலிருக்க ‘ட்ரீசெட்’, சொற்கள் அகர வரிசையில் வர ‘ட்ரீமேப்’, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டை நீக்க ஒரு கட்டளை என்று மற்ற சில்லறை வேலைகள் அரை மணியில் முடிந்தன. பகல் ஒரு மணிக்குக் கட்டுரையின் 40 வரிகளும் ஒழுங்காகப் பட்டியலாயின.

அம்மாவின் நோட்டு

சாப்பிட உட்கார்ந்தபோது என் தங்கை கேட்டாள். “அண்ணா, இதுல அம்மா நோட்டைப் போட்டா, சுக்கு எங்க இருக்குன்னு சொல்லுமா?”

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு 1968இல் பம்பாய்க்கு மாற்றலானபோது, ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்தது ஒரு நீள நோட்டு. சமையல் அளவு, கைமருந்து, பால் கணக்கு, ஊறுகாய் போட்ட தேதி என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் இருக்கும். தலைப்பு கிடையாது, வரிசை கிடையாது. அம்மா இருந்தவரை அது தேவையும் படவில்லை. கேட்டால் வாயால் சொல்லிவிடுவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் காலமான பிறகுதான், யாருக்காவது இருமல் வந்தால் மூன்று வீடுகளுக்கும் தொலைபேசி பறக்கும். “அந்தச் சுக்குக் கஷாயம் எந்தப் பக்கம்?”

நோட்டின் தாள் உதிரத் தொடங்கியதும் அண்ணன், நான், தங்கை மூவரும் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டு கணிப்பொறியில் ஏற்றினோம். அம்மா எழுதிய வரி எப்படியோ அப்படியே ஒரு வரி, மொத்தம் 318. நோட்டின் ஓரத்திலும் பென்சிலால் அதே எண்களை இட்டிருந்தோம்.

அந்தக் கோப்பை மருமகள் புரோகிராமுக்குக் கொடுத்தாள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. வந்த பட்டியலைப் பார்த்தால் 1, 2, 4, 100, 250! அவ்வளவுதான். தலையில் பெயரே இல்லாத ஒரு பதிவு வேறு. அளவுகள் எல்லாம் இருந்தன. பொருள் ஒன்றுகூட இல்லை. பாட்டியின் சொல் முழுவதும் மாயம்.

“கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது போல மாமா” என்றாள், வெகு சாதாரணமாக. எனக்கு அந்தச் சொல் சுருக்கென்றது. அவள் வீட்டில் தமிழ் பேசுவாள். படித்தது இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து தெரியாது. ‘அது வேறு உலகம், இங்கே அதற்கு வேலையில்லை’ என்பது அவள் மனத்தில் இருந்தால் அதற்குப் பொறுப்பு அவளா, நாங்களா?

சுக்கு உடைந்த கதை

கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்பது உண்மையல்ல. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஜாவா 1995இல் அறிமுகமானபோதே யூனிகோடை அடிப்படையாகக் கொண்டிருந்தது. பழுது மொழியில் இல்லை. அவள் எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது.

வரியைச் சொற்களாக வெட்ட, ‘சொல்லில் வரக்கூடாத குறிகள் வரும் இடத்தில் வெட்டு’ என்பதற்கான சுருக்கக் குறியைப் பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதியிருந்தாள். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ஜாவாவில் அந்தக் குறிக்குச் சொல் என்றால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பத்து இலக்கங்கள், ஓர் அடிக்கோடு, அவ்வளவுதான். தமிழ் எழுத்தெல்லாம் அதற்குக் காற்புள்ளி, அரைப்புள்ளி போல வெட்டுமிடம்! எண்கள் மட்டும் தப்பின.

“அப்ப எந்த மொழி எழுத்தா இருந்தாலும் எடுத்துக்கோன்னு சொல்லலாமே” என்று தேடிப் பிடித்து மாற்றினாள். இந்த முறை திரை நிறையத் தமிழ். மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்த தங்கை சிரித்துவிட்டாள். சுக்கைக் காணோம், ச, க என்று உதிரி எழுத்துகள். மிளகு ‘ம’ என்றும் ‘ளக’ என்றும் உடைந்திருந்தது. சீரகம் ‘ச’, ‘ரகம’ ஆகியிருந்தது. பட்டியல் முழுவதும் கொம்பு, கால், புள்ளி எதுவும் இல்லாத மொட்டை எழுத்துகள்.

மருமகளுக்கு ஏன் என்று புரியவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தமிழ் எழுத்தை முதன்முதலாக உட்கார்ந்து சொன்னேன். சுக்கு நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறி: ச, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. நம் இலக்கணத்தில் ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகிறது. யூனிகோடில் தலைகீழ். ‘க’தான் முதல், புள்ளி வைத்தால் அகரம் போய் ‘க்’ ஆகிறது. இதில் ‘க’ மட்டுமே அதன் கணக்கில் எழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘சார்ந்து நிற்கும் குறிகள்’ என்ற வேறு வகுப்பு. எழுத்தை மட்டும் எடு என்றால், குறி வரும் இடமெல்லாம் வெட்டு விழும்.

“மராத்தியில ஹலந்த் மாதிரியா மாமா?” என்றாள். அதேதான்! மராத்தி, இந்திப் பாடத்தைக் கொடுத்தாலும் அந்தப் புரோகிராம் இதே வெட்டைத்தான் வெட்டும். எழுத்து, சார்குறி, எண் மூன்றையும் சொல்லாகக் கொள் என்று ஒரு திருத்தம் செய்தாள். சுக்கு முழுதாக வந்தது.

கூடவே புதிய வேடிக்கை: கொத்தமல்லி இரண்டு இடத்தில். கண்ணுக்கு ஒரு வேற்றுமையும் இல்லை. ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு விசைப்பலகையில் அடித்ததன் பலன்! ஜாவாவிலுள்ள ‘நார்மலைசர்’ என்ற வசதியால் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கினோம். கொத்தமல்லி ஒன்றாயிற்று.

அகர வரிசையிலும் சிக்கல். கறிவேப்பிலை முன்னால், கல்லுப்பு பின்னால். வெற்றிலைக்குப் பிறகு வெல்லம். இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சில் எண் கொடுத்ததில், ற என்பது ரகரத்துக்கு அடுத்தும், ன என்பது நகரத்துக்கு அடுத்தும் உட்கார்ந்துவிட்டன. நம் வரிசையில் அவை இரண்டும் கடைசியில் அல்லவா நிற்க வேண்டும்! ‘க ங ச ஞ’ என்று நான் சொல்லச் சொல்ல, அவள் பதினெட்டையும் வரிசையாக எழுதி அதன்படி ஒப்பிடும் பகுதி ஒன்றைச் சேர்த்தாள். அன்று மாலைக்குள் அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

கணிப்பொறி கைவிட்ட இடம்

இன்னும் ஒன்று மீதி இருந்தது. பட்டியலில் சுக்கு, சுக்கும், சுக்கை, சுக்குப்பொடி என்று நான்கு தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. தமிழில் வேற்றுமை உருபும் சந்தியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். “கடைசியில வர்ற இல், ஆல், ஐ எல்லாத்தையும் வெட்டிடலாமா?” என்றாள். வெட்டலாம். ஆனால் ‘பால்’ என்பதில் ‘ஆல்’ போனால் என்ன மிஞ்சும்? ‘வெயில்’ என்பதில் ‘இல்’ போனால்? ‘வயிற்றில்’ என்பதிலிருந்து ‘வயிறு’ எப்படி வரும்? இதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு மாலையில் முடிகிற வேலை அல்ல.

அந்த வேலையைப் பழைய புலவர்கள் செய்த மாதிரி கையால் செய்வதென்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். ஒரே வேரிலிருந்து வந்தவற்றை ஒன்றாகக் கோடிட்டாள். தெரியாததைத் தன் அம்மாவிடம் கேட்டாள். மதியத்துக்குள் எழுத்துக் கூட்டும் வேகம் கூடியிருந்தது.

திடீரென்று, “மாமா, சமையல் நோட்டுல மாட்டுங்கா எங்க வந்தது?” என்றாள்.

‘மாட்டுங்காவில்’ என்ற சொல் ஒரே ஒரு முறை, 143ஆம் வரியில். அண்ணன் ஏற்றிய பக்கம் அது, அவனுக்கும் நினைவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தோம். பருப்பு அளவுக்கும் பால் கணக்குக்கும் நடுவே அம்மா எழுதியிருந்தாள்: மாட்டுங்காவில் சின்ன வெங்காயம் கிடைத்தது, சாம்பார் நம் ஊர் மாதிரி வந்தது.

அவ்வளவுதான். தேதி இல்லை. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வாங்கி வந்திருக்க வேண்டும். புது ஊரில் பழகிக்கொள்ளாமல் அவள் எத்தனை நாள் தவித்தாள் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. நோட்டைக் கஷாயத்துக்காகவும் ஊறுகாய்க்காகவும் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறோம். தேடியது கிடைத்ததும் மூடிவிடுவோம். எதையும் தேடாமல் ஒவ்வொரு சொல்லையும் சமமாக மதித்தது அந்தப் புரோகிராம்தான்.

திங்கட்கிழமை ஆங்கிலக் கட்டுரையைக் காட்டி மதிப்பெண் வாங்கிவிட்டாள். ஒற்றைப்படை வரிகளில் சோதித்தாயா என்று பேராசிரியர் கேட்டாராம். அதற்கென்றே வைத்திருந்த ஐந்து வரிக் கோப்பைக் காட்டினாளாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். கணக்குப் புத்தகமோ, கடிதக் கட்டோ, எதுவானாலும் சரி. எழுதியவர் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வரிக்கு வரி ஏற்றி வையுங்கள். வரி எண் இட மறக்காதீர்கள். வீட்டில் ஜாவா படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். முதல் முறை தப்பாகத்தான் ஓடும். ஓடட்டும்.

போன வாரம் எனக்கு ஜலதோஷம். குரலைக் கேட்டதுமே தொலைபேசியில் மருமகள் சொன்னாள்: “மாமா, 87ஆம் வரி. சுக்கு ஒரு துண்டு, மிளகு பத்து. நானே படிச்சேன்.”